பிப்ரவரியில் வந்த கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டில் 1956ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் 1957 பிப்ரவரி இரண்டாம் தேதி, சனிக்கிழமை பிற்பகலில் கொண்டாடப்பட்டது. இதைக் கேட்பவர்கள் நான் தேதியில் தவறுகிறேன் என்று நினைப்பதுண்டு. தேதி விஷயத்தில் நான் எளிதில் தவறுகிறவள் அல்ல. அப்போது எனக்கு எட்டு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் கடந்திருந்தது; சட்டப்படியான இணைப்புக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. இடைப்பட்ட காலத்தில், தாம் எந்த நாட்டவர் என்ற குழப்பம் ஊரில் பலருக்கும் இருந்தது. எங்கள் தாத்தாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவருடைய கவலை முழுவதும் அத்தையைப் பற்றியது.

அத்தை, அப்பாவுக்கு மூத்தவர். கன்னியாஸ்திரி ஆகி 1939இல் மடகாஸ்கருக்குக் கப்பலேறியவர். அங்கே தொழுநோயாளிகளுக்கென்று இருந்த ஒரு குடியிருப்பில் மருந்து கொடுப்பதும் புண்களுக்குக் கட்டுப் போடுவதும் அவருடைய வேலை. அவர் போன அதே வருடம் யுத்தம் வந்தது. யுத்தம் முடிவதற்குள் பாட்டி இறந்துபோனார். அத்தை அதற்கும் வரவில்லை. அந்தக் காலத்தில் வேதபோதகத்துக்கென்று கடல் கடந்து போன கன்னியாஸ்திரிகள் திரும்பி வருவதாக யாரும் எதிர்பார்ப்பதில்லை. வழியனுப்பும்போதே எல்லா அழுகையையும் அழுது முடித்துவிடுவார்கள். தாத்தா மட்டும் முடிக்காமல் வைத்திருந்தார்.

பதினேழு வருடத்துக்குப் பிறகு அத்தைக்கு ஊர் வர அனுமதி கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார் என்று சேதி. அம்மா அக்டோபரிலேயே, எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் கேக்கான விவிக்கத்துக்குப் பழங்களை ரம்மில் ஊறப்போட்டார். சித்தப்பா கூடத்தின் மூலையில் வழக்கத்தைவிடப் பெரிய குடில் கட்டினார். பிறகு, கப்பல் பம்பாய் வந்து சேரத் தாமதமாகும் என்று தந்தி வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நடுச்சாமப் பூசை முடிந்து திரும்பியதும், வீட்டின் கடைக்குட்டி சேசு பாலன் சுரூபத்தைக் கொண்டுபோய்க் குடிலின் வைக்கோலில் படுக்கவைக்க வேண்டும். அதுவரை தொட்டில் காலியாக இருக்கும். அந்த வருடம் நான் பூசையிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து கையை நீட்டியபோது, தாத்தா சுரூபத்தைத் தரவில்லை.

“அத்தை வந்து வைக்கட்டும்” என்றார்.

“அப்பா, பண்டிகை இன்னிக்குத்தான?” என்றார் என் அப்பா.

“அவ வர்ற அன்னிக்குத்தான் இந்த வூட்ல பண்டிகை. போய்ப் படுங்க.”

தாத்தாவை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சேசு பாலன் அலமாரியில் இருந்தார். கேக் வெட்டப்படவில்லை. புதுவருடம் போயிற்று. மூன்று ராஜாக்கள் திருநாளும் போயிற்று. ராஜாக்கள் மூவரும் காலித் தொட்டிலைப் பார்த்து மண்டியிட்டு நின்றார்கள். ஊரில் எல்லா வீட்டுக் குடில்களையும் பிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, “என்னாம்மா, உங்க வூட்டு சேசு இன்னும் கப்பல்லதான் வர்றாரா?” என்று கேட்பார். அம்மா முகம் சிவந்துபோவார். சித்தப்பாதான் பதில் சொல்வார்: “டிக்கெட் கிடைக்கலையாம் அக்கா. ஒட்டகத்துல ஏறிட்டாராம்.”

தாத்தாவின் பிடிவாதத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. மகளை இனிமேல் அனுப்பக்கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஊரிலேயே அத்தையின் சபைக்கு மடம் இருக்கிறது. அங்கேயே அவளை வைத்துக்கொள்ளும்படி மடத்துத் தலைவியான மதரிடம் கேட்பது என்பது திட்டம். அதற்கான வாக்கியங்களைப் பிரெஞ்சில் தயார் செய்து, காலையில் முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகுவார். எனக்கே அவை பாதி மனப்பாடம் ஆகியிருந்தன. நான் வயதானவன், என் மனைவி இறந்துவிட்டாள், என் கண்களை என் மகள் மூட வேண்டும்.

அத்தை ஜனவரி கடைசியில் மடத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்கு வர ஒரே ஒரு பிற்பகல்தான் அனுமதி. அதுவும் துணைக்கு இன்னொரு கன்னியாஸ்திரியோடு; வீட்டில் சாப்பிடக்கூடாது; சாயங்கால மணி அடிப்பதற்குள் மடத்தில் இருக்க வேண்டும். அது சபை ஒழுங்கு. குறித்த நாள் மெழுகுதிரித் திருநாளாக அமைந்தது. கிறிஸ்துமஸ் காலம் அன்றோடு முழுவதுமாக முடிகிறது என்பதால், கடைசி நாளிலாவது தாத்தா ஜெயித்துவிட்டார் என்று சித்தப்பா சொன்னார்.

ரிக்ஷாவிலிருந்து இறங்கியவரைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். எங்கள் வீட்டில் மாட்டியிருந்த பழைய படத்தில் இருந்த குண்டு முகம் இல்லை. கறுத்து, மெலிந்து, வெள்ளை உடுப்புக்குள் சின்னதாக இருந்தார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். அவர் ஒரு அடி பின்வாங்கி, காற்றிலேயே என் நெற்றிக்கு நேராகச் சிலுவை போட்டார். அதுவும் சபை ஒழுங்கு என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டார். துணைக்கு வந்தவர் வயதான பிரெஞ்சுக்காரி. எங்கள் ஊரில் இருபது வருடம் இருந்தும் தமிழில் ‘தோத்திரம்’, ‘போதும்’ என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

அம்மா கேக்கைக் கொண்டுவந்து வைத்தார். அத்தை குனிந்து அதன் வாசனையை மட்டும் முகர்ந்தார். “நீங்க சாப்பிடுங்க. நான் பார்க்கறேன், அதுவே எனக்குப் போதும்” என்றார். யாரும் சாப்பிடவில்லை, சித்தப்பாவைத் தவிர.

அங்கே கிறிஸ்துமஸ் எப்படி என்று அப்பா கேட்டார். அத்தையின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அங்கே டிசம்பர் நல்ல கோடை. மழையும் இடியும் இருக்கும். சிவப்புப் பூ மரமெல்லாம் பூத்துக் குலுங்கும். நோயாளிகளே களிமண்ணில் குடில் செய்வார்கள். மாட்டுக்கு நம் ஊர் மாட்டைப் போலவே திமில் வைப்பார்கள். பாட்டு விடிய விடிய நடக்கும். மெழுகுதிரியை மட்டும் யார் கையிலும் தருவதில்லை, மண்ணில் நட்டுவிடுவார்கள் என்றார்.

“ஏன் அத்தை?” என்றேன்.

“இவ மாதிரி வாலுங்க அங்கயும் இருக்கும். குடிலைக் கொளுத்திட்டா?” என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அத்தை குடிலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு தாத்தா அலமாரியைத் திறந்து சேசு பாலனை எடுத்தார். அன்று காலை கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுதிரிகளை அப்பா கொளுத்தி ஆளுக்கொன்று கொடுத்தார். அத்தை இடது கையில் மெழுகுதிரியும் வலது கையில் சுரூபமுமாகக் குடிலின் முன் முழந்தாளிட்டார். நான் பக்கத்தில். அந்த ஊர்ப் பாஷையில் அவர் ஒரு பாட்டை மெதுவாகப் பாடத் தொடங்கினார். புரியாத பாட்டுக்குத் தாத்தா கண்களை மூடிக்கொண்டு தலையசைத்தார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அவர் அத்தனை சந்தோஷமாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

என் கையில் ஒரு சொட்டு மெழுகு விழுந்தது. ஆ என்று கத்தி, மெழுகுதிரியை அம்மாவிடம் தந்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். அத்தையின் மெழுகுதிரி சாய்ந்திருந்தது. மெழுகு வழிந்து, அவருடைய சுண்டுவிரல் மேலும் அதற்கடுத்த விரல் மேலும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்று உறையும் முன்பே அடுத்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை. விரலை அசைக்கவும் இல்லை.

“தாத்தா, தாத்தா! அத்தைக்குச் சுடவேயில்ல பாருங்க!”

“கன்னியாஸ்திரிக்கு நரக நெருப்பே சுடாதாம். மெழுகா சுடும்?” என்றார் சித்தப்பா. மறுபடியும் சிரிப்பு. பிரெஞ்சுக்காரிக்கு அதை மொழிபெயர்த்தும் சொன்னார், அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. புனிதர்களின் சரித்திரங்களை எங்களுக்குப் பள்ளியில் வாசித்துக் காட்டுவார்கள். எங்கள் வீட்டுக்கே ஒரு புனிதை வந்திருக்கிறார் என்று எனக்கு உடம்பு புல்லரித்தது.

தாத்தா கண்களைத் திறந்திருந்தார். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் புண்களுக்குக் கட்டுப் போட்டவர். தோல் உணர்விழந்தால் அதற்கு என்ன பொருள் என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அருகில் வந்து, அத்தையின் கையிலிருந்து மெழுகுதிரியை வாங்கி அணைத்தார். விரலில் இருந்த மெழுகை உரிப்பது போல அந்த இரண்டு விரல்களையும் நகத்தால் அழுத்தினார். அழுத்திக்கொண்டே மகளின் முகத்தைப் பார்த்தார். அத்தை முதலில் ஒன்றும் புரியாமல் சிரித்தார். பிறகு தன் கையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

இருவரும் ஜன்னலோரம் போய் நின்றார்கள். நான் புனிதையை விட்டு விலகாமல் பின்னாலேயே போனேன். பிரெஞ்சுக்காரி இரண்டு எட்டில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கூடத்தின் மறுமூலையில் குடிலைச் சுற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரி தமிழ் தெரியாதவர் என்பதால் அவரை எண்ணி அவர்கள் குரலைத் தாழ்த்தவில்லை.

“எத்தினி நாளா?”

“போன மழைக்கு முன்னால இருந்துப்பா.”

“அங்க டாக்டருக்குத் தெரியுமா?”

“அவருதான் கண்டுபிடிச்சாரு. மாத்திரை போட்டுக்கறேன். மத்தவங்களுக்கு நான் குடுக்கற அதே மாத்திரைதான்.” அத்தை கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். “ஒருவாட்டி போய் அப்பாவைப் பார்த்துட்டு வான்னு அவருதான் எழுதி அனுமதி வாங்கிக் குடுத்தாரு.”

“இங்க மடத்துல தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா என்னைத் திருப்பி அனுப்பமாட்டாங்க. இங்கயே ஒரு ரூம்ல வெச்சிடுவாங்க.”

“வெச்சா என்னா? நான் தெனம் வந்து பார்ப்பேன்ல?”

அத்தை வலது கையால் அந்த இரண்டு விரல்களையும் மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: “அங்க எல்லாருக்கும் கை இப்பிடித்தாம்பா. அங்க யாரும் என்னைப் பார்த்து ஒரு அடி தள்ளி நிக்கமாட்டாங்க. இங்க நான்தான் எல்லார்கிட்டயும் தள்ளி நிக்கிறேன். சொல்லாதீங்கப்பா.”

தாத்தா பிரெஞ்சுக்காரியின் பக்கம் திரும்பினார். எனக்கு அவர் செய்யப்போவது தெரியும் என்று நினைத்தேன். கண்ணாடி முன் சொல்லிப் பழகிய வாக்கியங்களைச் சொல்லப்போகிறார். இப்போது அவற்றுக்குக்கூடத் தேவையிருக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். மகள் இந்த ஊரைவிட்டு நகரமுடியாது. அதை நான் இன்று அறிவேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிரெஞ்சுக்காரி மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வெயில் தாழ்ந்துவிட்டது, மா சேர்” என்று அந்தச் சகோதரியிடம் பிரெஞ்சில் சொன்னார் தாத்தா. “இப்போது கிளம்பினால் மணி அடிப்பதற்குள் போய்விடலாம்.”

எனக்கு அழுகை வந்தது. இத்தனை காலம் பண்டிகையையே நிறுத்திவைத்தவர், அரைமணி நேரம் முன்னதாகவே அத்தையை விரட்டுகிறாரே என்று அவர்மேல் கோபம். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு விஷயம் தெரிந்தது தாத்தா இறந்த பிறகு, 1960இல். அத்தை அதற்கும் வரவில்லை. அந்தத் தீவு மண்ணில்தான் அவரும் அடங்கினார்.

வாசலில் அத்தை முழந்தாளிட்டார். தாத்தா நெற்றியில் சிலுவை போட்டார். அத்தை ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்தார். தாத்தா அவருடைய இடது கையின் அந்த இரண்டு விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியோரமாக நின்றார்.

“அண்ணி, உடம்பைப் பார்த்துக்குங்க” என்று அம்மா மறுபக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார். அத்தை அந்தப் பக்கமே திரும்பி அம்மாவைத் தேற்றினார். சித்தப்பாவைக் குடும்பம் குட்டி என்று இருக்கச் சொன்னார். என்னைப் பார்த்து நன்றாகப் படிக்கச் சொன்னார். இவ்வளவு நேரமும் தாத்தா விரல்களை விடவில்லை. விரல்களும் அவரைப் பதிலுக்குப் பிடிக்கவில்லை. அவர் நிற்பதையே அத்தை கவனித்ததாகத் தெரியவில்லை. வண்டிக்காரர் மணியை அடித்த பிறகுதான் அத்தை திரும்பினார், குனிந்தார், தன் விரல்கள் அப்பாவின் கைக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்தார்.

வண்டி தெருமுனை திரும்பியது. அத்தைக்கு நம் எல்லாரையும் பிடித்திருக்கிறது, தாத்தாவைத்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.