கோமதி வாதாடிய கிடார வழக்கு

பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. கோமதியின் கணவர். "ஸ்டெல்லா, கோமதி போட்டா. காலமை நெஞ்சு நோகுது எண்டவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே எல்லாம் முடிஞ்சுது." நான் அவர்மேல் பாய்ந்தேன். "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" பாவம் மனுஷன். அந்தப் பக்கம் அவர் அழ, இந்தப் பக்கம் நான் கத்த, நான் வீட்டில் நடத்தும் காப்பகத்தின் குழந்தைகள் அத்தனையும் சோற்றை வாயில் வைத்தபடி வீரிட்டு அழத் தொடங்கின. கோமதி இருந்திருந்தால் அந்தக் கூத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அவருடைய நினைவு மலருக்கு அடக்கமாக நாலு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். அடக்கமான கோமதியை எனக்குத் தெரியாது. மொன்றியலில் அவரை வழக்கறிஞராக அறிந்த உங்களுக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தவர், என்னைக் களவெடுத்தவள் என்று ஊர் சொன்ன நாட்களில் எனக்காகக் குதித்த கோமதி. ஆகவே அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

எங்களிடம் நூறு பேருக்குச் சோறாக்கும் ஒரு பெரிய அலுமினியக் கிடாரம் இருக்கிறது. ஞானஸ்நானம், கலியாணம், கோயில் அன்னதானம் என்று அது இந்த மொன்றியல் தீவு முழுக்கச் சுற்றும். யார் வாங்கினார்கள், யார் கைமாற்றினார்கள் என்று எவருக்கும் நினைவிராது. அடையாளத்துக்கு அதன் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு S எழுதியிருந்தேன். ஒருமுறை கிடாரம் நெடுநாளாக வீடு திரும்பவில்லை. அப்போது ஒரு கலியாண மண்டபத்துக்குச் சாப்பிடப் போனவள், சமையலறையில் அதைக் கண்டேன். கவிழ்த்துப் பார்த்தேன். சிவப்பு S! எனக்கு வந்த கொதி! மறுநாள் மத்தியானம் வான் வண்டியைக் கொண்டுபோய் மண்டபத்து முன்வாசலில் நிறுத்தினேன். அங்கே வேலை செய்த பெடியனைக் கதவைப் பிடிக்கச் சொல்லி, கிடாரத்தை உருட்டிக்கொண்டு வந்து ஏற்றினேன்.

பின்னேரம் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. மண்டபத்தை அண்மையில்தான் புதியவர் ஒருவர் வாங்கியிருந்தார். உள்ளே இருந்த சட்டி பானையோடு சேர்த்து வாங்கியவர், அது தன்னுடையது என்று முறைப்பாடு கொடுத்துவிட்டார். என்மேல் களவு வழக்கு. களவெடுத்தவள் என்று பதிவானால் யார் என்னிடம் பிள்ளையை விடுவார்கள்? காப்பகத்தின் அனுமதியே போய்விடும். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்த வருமானத்தில்.

கோமதியின் அலுவலகத்தில் அழுதுகொண்டே கதையைச் சொன்னேன். அவருக்கோ முகம் மலர்ந்துகொண்டே போனது. "கதவைப் பிடிக்கச் சொன்னனீரோ? பேந்து?"

"மெர்சி எண்டு நன்றி சொன்னனான்."

"மெர்சியும் சொன்னனீரோ! ஐயோ, அருமை!" கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பழைய ஆங்கிலச் சட்டத்தில லார்செனி எண்டு சொல்லுவினம். அடுத்தவற்ற பொருளை, அவற்ற சம்மதமில்லாமல், இனித் திருப்பிக் குடுக்கிறேல்லை எண்ட எண்ணத்தோட எடுத்துக்கொண்டு போறது. இஞ்ச அதைச் சும்மா களவு எண்டுதான் சொல்லுறது. கொஞ்ச நேரத்துக்கு எண்டு எடுத்தாலும் பிடிப்பினம். ஆனா மனசில களவு இருக்கவேணும், ஸ்டெல்லா! தன்ர பொருள் எண்டு உண்மையா நம்பி எடுத்தவள் கள்ளி இல்லை. உமக்குக் கிடாரம் தூக்கத்தான் தெரியும், களவெடுக்கத் தெரியாது." அழுத கண்ணோடு நானும் சிரித்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. வழக்கு நெருங்கிய வாரம் நகருக்கு மேற்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் மச்சாள் தொலைபேசி எடுத்தாள். "மச்சாள், கராஜைத் துப்புரவாக்கினனாங்கள். உங்கட கிடாரம் இஞ்செல்லே கிடக்கு." அப்படியானால் நான் தூக்கி வந்தது யாருடையது? மண்டபத்தின் பழைய முதலாளி சிவபாலன். அவரும் நகப்பூச்சு, அவரும் S! என் கணவர், "மூச்சு விடாதை. அது அங்கேயே கிடக்கட்டும்" என்றார். அதைக் கோமதியிடம் சொன்னதுதான் தாமதம், மேசையில் ஓங்கி அடித்தார். "கிடாரத்தை ஒளிச்சால்தான் நீர் கள்ளி! உம்மட மனிசனைப் பேசாமல் இருக்கச் சொல்லும். ரெண்டு கிடாரத்தையும் கோட்டுக்குக் கொண்டுபோவம்."

கொண்டுபோனோமே! நீதிமன்றப் பளிங்குத் தரையில் நானும் கணவரும் ஒன்றை உருட்ட, மண்டபக்காரர் பொலிசார் திருப்பிக் கொடுத்த தன்னுடையதை உருட்ட, முன்னால் கோமதி கறுப்பு அங்கி பறக்க, "பார்தோன், பார்தோன்" என்று வழிவிலக்கிக்கொண்டு போன காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் எடுத்தது மண்டபத்தின் கிடாரம்தான் என்று கோமதியே முதலில் எழுந்து சொன்னார். அரச தரப்பு வழக்கறிஞர் வாயைப் பிளந்தார். பிறகு இரண்டையும் கவிழ்த்து வைத்து, எது உம்முடையது என்று என்னிடம் கேட்டார் கோமதி. நான் இரண்டு S-ஐயும் மாறி மாறிப் பார்த்தேன். இடப்பக்கத்துக் கிடாரத்தைக் காட்டி, சத்தியம் பண்ணாத குறையாக, "இதுதான்" என்றேன். நீதிமன்ற எழுதுநர், எது யாருடையது என்று முன்பே எழுதி உள்ளே ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தார். அது மண்டபத்தினுடையது! திரும்பவும் பிழை!

நான் செத்தேன் என்று நினைத்தேன். கோமதியோ இரண்டு கையையும் விரித்து நீதிபதியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மன்றம் முழுக்கச் சிரித்தது. பிறகுதான் எனக்கு விளக்கம் கிடைத்தது. "மாண்புமிகு நீதிபதி அவர்களே, இவ இப்பவும் அதைத் தன்ர எண்டுதான் நம்புறா" என்றாராம். என்னை விடுதலை செய்தார்கள். வாசலில் மண்டபக்காரரிடம் என்னை மன்னிப்புக் கேட்கவும் வைத்தார் கோமதி. "கள்ளி இல்லை எண்டுதான் தீர்ப்பு. பிழையில்லை எண்டு ஆர் சொன்னது?"

அன்று தொடங்கிய சிநேகிதம். இந்தக் குளிருக்குள்ளும் ஒரு சனிக்கிழமை வந்து, என் கையால் ஒடியல் கூழ் குடித்து, தான் எதிர்த்தரப்பை மடக்கிய விதத்தை எழுந்து நின்று நடித்துக் காட்டிவிட்டுப் போனார். போனவர் வழியில் தொலைபேசி எடுத்தார். "ஸ்டெல்லா, என்ர பச்சைச் சால்வை உம்மட்டக் கிடக்கு. கவனமா வையும், பேந்து வந்து எடுக்கிறன்."

வரவில்லை. செத்த வீட்டில் அவர் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுபவர், அந்தக் கம்பளிச் சால்வையைத் தேடுவதாக யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. அது என் அலுமாரியில் இருக்கிறது. இன்னும் அவருடைய வாசம் போகவில்லை.

அண்ணை, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அது அடுத்தவர் பொருள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்களிடம் சம்மதம் கேட்கவில்லை. திருப்பித் தரும் எண்ணம் துளியும் இல்லை. கோமதி சொல்லித்தந்த எல்லாம் பொருந்துகிறது. இந்த முறை நான் உண்மையாகவே களவெடுத்திருக்கிறேன், எனக்காகக் குதிக்கத்தான் ஆளில்லை.