பழக்கிய பானையில் வந்த பேஸ்

போன வாரம் தருமபுரி நாலு ரோட்டில் சிக்னலுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஓடிய பாட்டின் பேஸ், அந்தத் தும் தும் என்கிற கனத்த அடி, என் கார் சீட்டுக்குள் வந்து இடித்தது. ஓட்டியவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவனைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். பேஸ் விஷயத்தில் என் வயிறு இன்னும் திருந்தவில்லை.

நான் வேன் ஓட்டிய காலத்தில் பாப்பாரப்பட்டி ஸ்டாண்டில் இரண்டே வாடகை வேன்கள். ஒன்று என்னுடையது, இன்னொன்று அன்வர் பாயுடையது. அவர் என்னைவிட மூன்று வயது சின்னவர்தான், ஆனாலும் ஊருக்கே பாய் என்பதால் எனக்கும் பாய். இரண்டு வேனும் ஒரே மாதிரி, ஒரே வெள்ளை, வாடகையும் ஒன்றுதான். ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று வருகிறவர்கள் என் வேனைத் தாண்டிப் போய் அவர் வேன் கதவைத் திறப்பார்கள். காரணம், பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு மண்பானைகள். ஒவ்வொரு பானை வாயிலும் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தியிருந்தார். பாட்டுப் போட்டால் உட்கார்ந்திருப்பவர் முதுகில் யாரோ தட்டிக்கொடுப்பது போலிருக்கும். அதே பாட்டு என் வேனில் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி கேட்கும். வெளியே சிரித்துப் பேசிக்கொண்டே, சித்தேரி மலைரோட்டு வளைவில் அந்தப் பானைகள் உடைந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறுவது என் வண்டியில்தான் என்று நான் பாட்டுக்கு வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பாய் வண்டிதான் வேணுங்கறான் தம்பி. நம்ம வண்டில பொம்பளைங்க வரட்டுங்கறான்.”

சொந்த மச்சான் கல்யாணத்தில் மாமன் வேன் பெண்களுக்கும் பாத்திர மூட்டைக்கும்.

மறுநாளே சந்தையில் பாய் பானையைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இரண்டு பானைகள் வாங்கினேன். ஒயர் இழுத்து மாட்டியதும் நானேதான். அடுத்தவனைக் கூப்பிட்டால் விஷயம் பாய் காதுக்குப் போய்விடுமே. போட்டுப் பார்த்தால் முன்பிருந்த கொஞ்சநஞ்ச பேஸும் காணோம். புதுப்பானை அப்படித்தான் இருக்கும், பழக்க வேண்டும் என்றார் டீக்கடைக்காரர். சோறாக்கும் பானையைப் பழக்குவது வீட்டில் பார்த்ததுதான். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு மூன்று நாள் கஞ்சித்தண்ணி ஊற்றி வைத்தேன். விளக்கெண்ணெய் தடவினேன். நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. மறுபடி மாட்டினேன், அப்போதும் அதே தகர டப்பா. பாய் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

“ஒயரு எங்கயோ மாறியிருக்கும்ங்கண்ணா. நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?”

“உங்க வண்டியப் பாருங்க பாய்” என்றேன்.

பானைக்கு வெயில் பத்தவில்லை என்று டீக்கடைக்காரர் அடுத்த யோசனையைச் சொன்னார். கல்யாணத்துக்கு முதல்நாள் வேனின் பின்கதவைத் திறந்து ஸ்டாண்டில் வெயிலுக்கு நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். சாயங்காலம் வந்து பாட்டைப் போட்டேன். வந்த பேஸில் கண்ணாடிக்குக் கீழே தொங்கிய சாமி படம் ஆடியது. மச்சான் வந்து கேட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் என் வேனில் வந்தார்கள். பாத்திர மூட்டையோடு பின்னால் வந்த பாய் வேனை வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். அப்படி ஒரு சுகம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்புறம் ஏழெட்டு வருஷம், கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் கஞ்சித்தண்ணி வைத்தியம் சொன்னேன். மொரப்பூரிலிருந்து ஒரு டிரைவர் தேடி வந்து கேட்டுப் போனான். பாயிடமே பல தடவை விளக்கியிருக்கிறேன். “அப்படிங்களா” என்று டீயைக் குடிப்பார்.

வேனை விற்கும்போது செட்டைக் கழற்ற வந்த எலக்ட்ரீசியன் ஒரு ஸ்பீக்கரைக் காட்டி, இதில் பிளஸ் மைனஸை யாரோ பிரித்து மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றான். ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் இருந்தால், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் நடுவிலேயே செத்துப்போகும், அதைத்தான் சரிபண்ணியிருக்கிறார்கள் என்றான். மாற்றிய இடத்தில் பச்சை டேப் சுற்றியிருந்தது. நான் கறுப்பு டேப்பைத் தவிர வேறு வாங்கியதில்லை. ஸ்டாண்டில் பச்சை டேப் வைத்திருந்தவர் ஒருத்தர்தான். நேராக பாய் வீட்டுக்குப் போனேன்.

“மச்சான் கல்யாணத்துல மாமன் வண்டி பின்னாடி வந்தா நல்லாவாங்கண்ணா இருக்கும்?” என்றார்.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா அன்னைக்கே பிரிச்சி பழயபடி போட்டிருப்பீங்க.”

உண்மைதான், போட்டிருப்பேன். பானைக்காகப் பட்டதைவிட, அவர் வீட்டில் நின்ற அந்த நிமிஷம் அவர்மேல் பட்டதுதான் பெரிய பொறாமை. அந்த மனசை எந்தச் சந்தையில் போய் வாங்குவது?

பாய் வேனை விற்றுவிட்டு மகனோடு ஓசூர் போய்விட்டார். ஸ்டாண்ட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. என் காரில் திரையை விரலால் தள்ளினால் பேஸ் ஏறுகிறது, பானையும் வேண்டாம் ஒயரும் வேண்டாம். முந்தாநாள் அந்தக் கடை ஓரமாக நிறுத்தி முழுசாக ஏற்றி வைத்தேன். பாய் வேனைவிட நன்றாகவே இருந்தது. எட்டிப் பார்க்கத்தான் பக்கத்தில் அவர் இல்லை. பாதிப் பாட்டிலேயே அணைத்துவிட்டேன்.