ஸ்கூட்டரைச் சாய்த்தவர்

அம்பத்தூரில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தபோது, ஒரு லேத் ஆபரேட்டர் நாள்பட்ட இடுப்பு வலியோடு வருவார். நெட்டையானவர், கீழே விழுந்த துண்டைக்கூடக் குனிந்து எடுக்கமாட்டார். எலும்பு சரி, தசை சரி, நரம்பு சரி, மிச்சம் பயம்தான் என்று வாராவாரம் சொன்னேன்.

"குனிஞ்சா டிஸ்க்கு பிச்சிக்கினு பூடும்மா" என்பார்.

குனிந்து வேலை செய்யாவிட்டால் மாதக் கடைசியில் நிறுத்திவிடுவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் கிளினிக் வாசலில் அவருடைய ஸ்கூட்டர் கிளம்பவில்லை. நன்றாகக் குனிந்து, வண்டியைத் தரைவரை சாய்த்து, நிமிர்த்தி உதைத்தார். நான் ஓடிப்போய், "இப்ப குனிஞ்சீங்களே, வலிச்சுதா?" என்றேன்.

"சாய்க்காங்காட்டி பெட்ரோல் எறங்காதும்மா" என்றவர், யோசித்து இடுப்பில் கைவைத்தார். "நீ கேட்டப்பறம்தாம்மா வலிக்குது."

மாதம் முடிய ஒரு வாரமே இருந்தது. வலியைப் பற்றிக் கேட்காமல் வலியை எப்படிக் குணமாக்குவது என்று அன்று எனக்குத் தெரியவில்லை; இன்றும் சரியாகத் தெரியாது.