பன்றிகளுக்கு ஒரு நாற்றப் பெட்டி

அழுகிய முட்டையின் வாடை வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். கூடவே வெள்ளிமலைக் காற்று வரும், என் தோழியின் மரவள்ளிக் கொல்லை வரும்.

விடுதியில் என்னோடு படித்த மலைக்காரி அவள். நான் கச்சிராயபாளையத்தில் பள்ளி ஆய்வக உதவியாளர். இரண்டு வருடமாக அவள் கிழங்கைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றன. இந்த முறையும் போனால் கொல்லையைத் தரிசாகப் போட்டுவிட்டு, குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. கிழங்கு பிடுங்க இரண்டு மாதம் இருந்தது.

அழுகிய முட்டையும் பூண்டும் கரைத்துத் தெளித்தால் பன்றி அண்டாது என்பது மலையில் தெரிந்த சங்கதி. ஆனால் ஒரு வெயிலுக்கு வாடை போய்விடும். தினமும் யார் தெளிப்பது? துணிக்கடையில் மல்லிகை மணத்தைப் பனியாய்த் தூவும் சின்னப் பெட்டியைப் பார்த்திருந்தேன். மணத்துக்கு முடிந்தால் நாற்றத்துக்கு முடியாதா?

நீரைப் புகையாக்கும் சில்லு ஒன்று வாங்கிப் பொருத்தினேன். முட்டைக் கரைசல் பட்டதும் அடைத்துக்கொண்டது. தூக்கிப் போட்டேன். கார்க் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் மோட்டார், பைக் பேட்டரி, நேரம் பார்த்து அதை ஓட்டும் சின்ன போர்டு, பனியாய்த் தூவும் குழல்முனை எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் பூட்டினேன். கரைசலைப் பழைய பருத்திப் புடவையில் மூன்று முறை வடிகட்டினேன். பெட்டியை வரப்பில் நட்டோம். அரை மணிக்கு ஒரு தரம் உஸ்ஸென்று வெண்பனி! மூக்கைப் பிடித்துக்கொண்டு இருவரும் குதித்தோம்.

ஐந்து நாள் பன்றி இல்லை. ஆறாம் நாள் காலை போன்.

"இன்னாடி உன் மிஷினு? ஒரு வரிசையே பூட்ச்சி! எங்க வூட்டுக்காரு காவப் பரண்ல குந்திக்கினு பாத்தாராம். உஸ்ஸுன்னா ஒதுங்குதுங்க, வாடை அடங்குனதும் வந்து தோண்டுதுங்க. இவரு கத்துனதுக்கு ஒண்ணு கூட மதிக்கல."

"பன்னி மணி பாக்குதாடி?"

"அரை மணி அரை மணின்னு நீதான கத்துக்குடுத்த! நம்ம மலை பஸ்ஸு மாதிரி வுடுடி. எப்ப வரும்னு எவனுக்கும் தெரியக் கூடாது."

சனிக்கிழமை மலையேறினேன். கொல்லையிலேயே மடிக்கணினியைத் திறந்து போர்டுக்குப் புதுப் புத்தி எழுதினேன். மூன்று நிமிடத்தில் ஒரு வீச்சு, அடுத்தது இருபதில், உடனே இன்னொன்று, பிறகு நெடுநேரம் மௌனம். எதிர் வரப்பில் இரண்டாம் பெட்டி.

அதன்பின் ஒரு செடி போகவில்லை. ஒன்றுகூட!

பிடுங்கிய அன்று நானும் இழுத்தேன். மண் விம்மியது, பிளந்தது, தொடை பருமனில் கிழங்குகள் கொத்துக் கொத்தாய் வெளியே வந்தன. மலை முழுக்கக் கேட்கட்டும் என்று கத்தினேன். பரணில் நின்ற அவள் கணவர் பதிலுக்குக் கத்தினார். அவரை இந்த முறை எல்லோரும் மதித்தோம்.

மாலை நான் ஏறிய ஜீப் கிளம்பியபோது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"கேரளாவுக்கு ஆளு சேக்கற மேஸ்திரிக்கு வரலன்னு சொல்லிட்டோம்டி. வர்ற வருசம் மேல்கொல்லையும் போடறோம். ரெண்டு பொட்டி பத்தாது, நாலு வேணும். இன்னா முழிக்கிற? சரின்னு சொல்லுடி!"

"சரிடி, கைய வுடு, வுழுந்துடப் போற!"