‘ஆமாங்க’ என்பதற்கு அர்த்தம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளோடு ஒரு நாள் முழுக்க வேலை செய்திருக்கிறேன் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

அப்போது எல்லவில் ஒரு விடுதிச் சமையலறை வேலையை விட்டுவிட்டு, அடுத்து எங்கே போவது என்று முடிவாகாமல் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், அக்காவின் லயத்தில் தங்கியிருந்தேன். அதற்கு முன்னால் புறக்கோட்டையில் துணிக்கடை. அதற்கும் முன்னால் பண்டாரவளையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி. இப்படி அலைந்ததில் கையில் ஒன்றும் நிற்கவில்லை, சிங்களம் மட்டும் நின்றது. எழுத வராது, ஆனால் பேசினால் தோட்டத்து ஆள் என்று யாராலும் சொல்ல முடியாது.

பதுளையிலிருந்து ஒரு தோல் டொக்டரம்மா மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, நமுனுகுல மலைப்பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் கிளினிக் நடத்த வந்தார். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டார்கள். வந்தவர்களில் அநேகருக்குத் தமிழ் தெரியாது. பாஷை பெயர்த்துச் சொல்ல ஆள் தேடியபோது என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

அக்கா வரமாட்டேன் என்றாள்.

“தேமலுக்குப் போயி டொக்டரா? அரைநாள் வேலைய விட்டுட்டு அங்க போயி ஒக்காரச் சொல்றியா?”

அவளுடைய வலது முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, கொஞ்சம் வெளுத்த ஒரு திட்டு. பசறைக் கடையில் வாங்கிய களிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தத் திட்டின் மேல் புதிதாக ஒரு சூட்டுக் காயமும் இருந்தது. எப்படி ஆனது என்று கேட்டேன். “அடுப்புல பட்டிருக்கும். எப்பப் பட்டுச்சோ, யாருக்குத் தெரியும்” என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கொழுந்து பறிக்கிறவளுக்கு வலது கைதான் எல்லாம். இழுத்துக்கொண்டு போனேன்.

டொக்டரம்மா முதலில் மாணவர்களுக்குச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “நீங்கள் புத்தகத்தில் பார்த்த படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். அங்கே சிவப்பாகத் தெரிவது இங்கே கறுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். டோர்ச்சை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.” மாணவர்கள் ஒவ்வொருவரையும் ஜன்னலருகே கூட்டிப்போய், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். படை, சொறி, உரம் பட்ட புண் என்று கூட்டம் நகர்ந்தது. நான் இரண்டு பாஷைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒரு சிங்களப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தாள். மெலிந்த பெண், கண்ணாடி போட்டிருந்தாள். என்னை “அய்யா” என்று கூப்பிட்டாள். சிங்களத்தில் அது அண்ணன். அக்காவுக்கு அது தெரியாது.

“ஒன்னையும் ஐயாங்குதே! பாவம், ஆளு தெரியாத புள்ள.”

அந்தப் பிள்ளை அக்காவைக் கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சைத் திரித்து, அதன் நுனியால் கையைத் தொட்டாள். தெரிகிறதா என்று கேட்கச் சொன்னாள்.

“அக்கா, தெரியுதா?”

“ஆமாங்க.”

“ஒவ்” என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அடுத்து திட்டின் மேல் தொட்டாள்.

“தெரியுதா?”

“ஆமாங்க.”

“ஒவ்.”

அந்தப் பிள்ளை சூட்டுக் காயத்தைப் பார்த்தாள். பிறகு பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்குமே தொடாமல், கேள் என்று எனக்குச் சைகை காட்டினாள்.

“தெரியுதா அக்கா?”

“ஆமாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. “அய்யா, ஏன் ஒவ் என்கிறார்?” என்று கேட்டாள்.

யோசித்துத்தான் பதில் சொன்னேன். எங்கள் ஆட்களிடம் தொரை கேட்டாலும் கங்காணி கேட்டாலும் மருந்து கொடுப்பவர் கேட்டாலும் முதலில் வாயில் வருவது ஆமாங்கதான். நீங்கள் சொல்வது சரி என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்கள் பேசியது காதில் விழுந்தது, அவ்வளவுதான். என் சொந்த அக்காதான், ஆனால் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு நின்றதால் என்னிடமும் “ங்க” போட்டுவிட்டாள். இத்தனை நேரமும் நான் அதை ஒவ், ஒவ் என்று பெயர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளை தலையை ஆட்டினாள். “வாயால் சொல்ல வேண்டாம். தொட்ட இடத்தை மற்றக் கை விரலால் காட்டட்டும்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையில் தொட்டதும் இடது விரல் அங்கே போனது. தோளில் தொட்டதும் தோளுக்குப் போனது. திட்டில் தொட்டபோது விரல் மடியிலேயே கிடந்தது. மறுபடி தொட்டாள். கிடந்தது.

“என்னடா, ஆரம்பிக்கலையா?” என்றாள் அக்கா.

டொக்டரம்மா வந்து அக்காவின் முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்து, தடித்திருக்கிறது என்றார். பிறகு எல்லா மாணவர்களையும் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை தான் செய்ததைச் சொன்னாள். ஆமாங்க என்ற சொல்லையும், இந்த அய்யாதான் விளக்கினார் என்பதையும் விடாமல் சொன்னாள். டொக்டரம்மா அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “ஆம் என்று சொல்லித் தப்பிக்க முடிகிற கேள்வியை இனி யாரும் கேட்காதீர்கள்” என்றார். மாணவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சம்பளம் வாங்கிய எந்த வேலையிலும் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

நோயின் பெயரை அக்காவுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. தொழுநோய் என்றேன். புரியவில்லை. பெரிய வியாதி என்றேன். புரிந்தது. வலது கை விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, “வெரல் மடங்கிப் போகுமான்னு கேளு” என்றாள். இப்போதே பிடித்துவிட்டோம், மருந்தை விடாமல் குடித்தால் மடங்காது, மருந்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, மருந்து தொடங்கினால் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று டொக்டரம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் பெயர்த்தேன்.

அக்கா குடித்தாள். அந்த மருந்தால் மூத்திரம் சிவந்தது, தோல் கறுத்தது. “மாப்பிள்ளை பாக்கிற வயசா எனக்கு?” என்று சொல்லிவிட்டுக் குடித்தாள்.

மருந்து முடிகிற சமயத்தில் பதுளை கிளினிக்குக்கு அவளோடு போனேன். புது மாணவர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் நரம்பைத் தொட்டுப் பழகக் கை கொடுப்பீர்களா, விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்று டொக்டரம்மா கேட்டார். லயத்தில் யாருக்கும் நோயின் பெயரைச் சொல்லாதவள் அவள். மறுப்பாள் என்றுதான் நினைத்தேன்.

“தொடட்டும். தொட்டுப் பாத்தாத்தானே புடிபடும்” என்று சேலையை ஒதுக்கி முழங்கையை நீட்டினாள்.

ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். ஒருவர்கூடக் கையுறை போடவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல அக்கா விரல்களை விரித்தாள், மடக்கினாள், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு தாளை இறுக்கிப் பிடித்தாள். ஒரு மாணவன் அந்தத் தாளை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

“கொழுந்து கிள்ளுற கை தம்பி. நல்லா இழு” என்றாள்.