வேலியைப் பிடுங்கிய வாத்தியார்

சித்திரை மாதம் என் ஆடுகள் பசுந்தழைக்குக் கத்தும்போதெல்லாம் எனக்குப் பாலகோபால் வாத்தியார் ஞாபகம் வரும். நல்ல ஞாபகம் இல்லை. எங்கள் இரண்டு பேர் காட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி இருந்தது. முள்ளும் தழையுமாக அடர்ந்த உயிர்வேலி. அவருடைய தகப்பனாரிடம் பண்ணையத்தில் இருந்தபோது என் அப்பன் குச்சி குச்சியாக நட்டது. கோடையில் என் ஆடுகளுக்கு அதுதான் தீனி. அதை ஒரே நாளில் பொக்லைன் விட்டுப் பிடுங்கி எறிந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருசம் ஆறாயிற்று, மனசு ஆறவில்லை.

வாத்தியார் லேசுப்பட்டவர் இல்லை. அன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் அறிவியல் சொல்லிக் கொடுத்தவர். சுற்றுச்சூழல் பாடத்துக்கு அவர் போட்ட கைடு கருமத்தம்பட்டிக் கடைகளில்கூட விற்றது. என் மகள் ஜெனிஷா அதைத்தான் மனப்பாடம் செய்தாள். புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு தின்னும், பாம்பைப் பருந்து தின்னும். இதற்கு உணவுச் சங்கிலி என்று பெயராம். ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. கீழே இருப்பது பெருகும், மேலே இருப்பது பட்டினி கிடக்கும். படம் போட்டால்தான் முழு மதிப்பெண். நான் ஐந்தாவதோடு நின்றவன், பாதிதான் விளங்கியது. எழுதினவருக்காவது முழுசாக விளங்கியிருக்கும் என்று நம்பினேன்.

தொண்ணூற்று மூன்றில் ஓய்வு பெற்றார். இனி நான் விவசாயி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் வீட்டம்மா ராமாமணிக்கு அதில் இஷ்டமே இல்லை. கோயமுத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நச்சரித்தார்.

"மூணு வெள்ளாமை பாப்போம் அம்மணி. தேறலீன்னா காட்டை வித்துப்போட்டு நீ சொல்ற பக்கம் வாரேன்" என்று வாக்குக் கொடுத்தார் வாத்தியார்.

முதலில் அவர் கண்ணை உறுத்தியது வேலி. மண்ணை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம். உள்ளே நரி வளை, கீரி, உடும்பு, பாம்பு.

"ஏப்பா தாமசு, இது வேலியா, மிருகக்காட்சி சாலையா?"

"கோழி ஒண்ணு ரெண்டு போயிருக்குமுங்க. வேற ஒண்ணும் பண்ணினதில்லீங்க."

"உனக்கென்ன தெரியும். விசப்பூச்சிக்கு ஊடு கட்டிக் குடுத்திருக்கறே."

பொக்லைன் வந்தது. வெளியே ஓடிய சாரைப்பாம்பை அடிக்கச் சொல்லி, மருந்து ஊற்றிப் பாட்டிலில் அடைத்து, தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கே கொடுத்தார். அன்பளிப்பு பாலகோபால் என்று அதில் ஒட்டியும் இருந்தார்களாம். கல்கால் நட்டுக் கம்பி இழுத்தார்கள். நரி எந்தப் பக்கம் போனதோ. முடி இறக்கின தலை மாதிரி காடு பளபளவென்று இருந்தது.

அடுத்த வருசம் ஒரு சோடி மயில் வந்தது. வாத்தியார் கிருத்திகை தவறாமல் மருதமலை ஏறுகிறவர். முருகனே நம்ம காட்டைத் தேடி வந்துவிட்டார் என்று கம்பு இறைத்தார். முருகனும் சொந்தபந்தத்தோடு வந்து தின்றார். சோடி கும்பலாயிற்று. தட்டைப்பயிறு விதைத்தார், முளை எட்டிப் பார்த்ததும் கொத்திவிட்டன. தக்காளி நட்டார், பழுத்த பழத்துக்கெல்லாம் ஒரு கொத்து. தகரம் தட்டினார். பழைய கேசட்டை உருவிக் காடு சுற்றிலும் நாடா கட்டினார். மயில்கள் கல்காலில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தன. என் காட்டையும் அவை விடவில்லை, அது தனி வயிற்றெரிச்சல். இரண்டு வெள்ளாமை இப்படிப் போயிற்று. மூன்றாவதாக நிலக்கடலை போட்டார்.

அந்தக் காடு இன்றைக்கு வீட்டுமனை சைட்டாகிவிட்டது. வாத்தியார் கோயமுத்தூரில் மாடி வீட்டில் இருக்கிறார். அதற்கெல்லாம் முன்னால், அந்தக் கடலை விதைத்த வாரத்தில் ஒரு காலை, ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஏனுங்க தாமசு."

இத்தனை வருசத்தில் என்னை அவர் மரியாதையாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். காரியம் பெரிசு என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

"மயிலு ஏன் பெருகுச்சுன்னு ரோசனை பண்ணிப் பாத்தனுங்க. முட்டையத் திங்க ஆளில்லை. நரி இல்லை, கீரி இல்லை, உடும்பு இல்லை. சங்கிலியில கண்ணி அந்து போச்சுங்க."

"தானா அந்துதுங்களா? பொக்லைனுக்கு வாடகை குடுத்து நீங்கதானுங்க அறுத்தீங்க."

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாடம் நடக்கும்போது கடைசி பெஞ்சுக்காரன் பேச்சை எந்த வாத்தியார் கேட்டிருக்கிறார்?

"எங்காட்டு அந்தப் பக்கத்து வேலியில கிளுவைக் குச்சி வெட்டித் தாரனுங்க. மறுபடி நட்டுப்போடலாம்" என்றேன்.

"அது வேலியாகறதுக்குள்ள அஞ்சாறு வருசம் போயிருமுங்க. எனக்கு இந்த வெள்ளாமைதான் பாக்கி. இதும் போச்சுன்னா ராமாமணி மூட்டை கட்டிப்போடுவா." குரல் இறங்கியது. "உங்க பக்கம் கெணத்து மேட்டுப் பொதருக்குள்ள மயிலு முட்டை வெச்சிருக்குது. நான் தொட்டா ஆகாதுங்க. மலைக்குப் போறவன்."

"நானும் கோயிலுக்குப் போறவன்தானுங்க."

"உங்க கோயில்ல மயிலு இல்லீங்களே." கணக்குப் போட்டுக் காட்டுகிற நிதானத்தில் விளக்கினார். "உங்களுக்குப் பாவம் ஒட்டாதுங்க. பாரஸ்ட்காரன் வந்து கேட்டா, நான் பாக்கவே இல்லைன்னு சொல்லிப்போடறேன். நரி பண்ண வேண்டிய வேலைதானுங்க. இந்த ஒரு வெள்ளாமைக்கு மட்டும் நீங்க நரியா இருந்துபோடுங்க."