கொடியில் காய்ந்த கையுறைகள்

மதுரையை அடுத்த பரவைக்கு அருகில் என் அக்கா தங்கியிருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் பின்புறத்தில், துணிக்கொடியில் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. லீட்ஸ் நகரிலிருந்து நான் சுமந்து வந்தவை. ஒருமுறை அணிந்து எறியப்பட வேண்டியவை, கழுவப்பட்டு, விரல்கள் காற்றில் உப்பத் தொங்கின. சிக்கனம் என்று எண்ணி, சற்றே சிரித்துக்கொண்டு கடந்தேன்.

முப்பது ஆண்டுகள் இங்கிலாந்தில் ஆசிரியப் பணி செய்தவன் நான். என் மனைவியின் கடைசி ஆண்டு அங்குள்ள நர்சிங் ஹோமில் கழிந்தது. பணிப்பெண் முகம் துடைக்க ஒரு ஜோடி, இடுப்புக்குக் கீழே கழுவ வேறொரு ஜோடி என்று கையுறை மாற்றுவாள். கழற்றும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். முதல் நாள் அது எனக்கு அவமதிப்பாகவே பட்டது. "இவை இல்லாமல் அவளைத் தொடக்கூடாதா?" என்று கடுமையாகக் கேட்டேன். நானும் உதவ முன்வருகிறேன் என்று எண்ணிய அவள், "உங்களுக்கு எந்த அளவு?" என்று பெட்டியை நீட்டினாள். கிருமி பரவாமல் இருக்கத்தான் என்பது பின்னர் விளங்கியது. விளங்கியதும், அம்முறையை நானே கண்டுபிடித்தவன்போல் பெருமிதம் கொண்டேன்.

அந்தப் பெருமிதத்தோடுதான் மதுரைக்கு வந்தேன். அக்காவுக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தார்கள். இல்லத்தில் வேலை பார்க்கும் பேரையூர்ப் பக்கத்துப் பெண் செல்வி வெறுங்கையால் அவரைத் துடைத்துக் கழுவுவதைக் கண்டேன். "வெறுங்கையால் என் அக்காவைத் தொடக் கூடாது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, பெட்டியை அவளிடம் கொடுத்தேன்.

"சரிங்கய்யா" என்றாள்.

வேறெதுவும் நான் சொல்லித்தரவில்லை. சொன்னதை அவள் அப்படியே செய்தாள். காலையில் மாட்டிய கையுறையோடு கட்டில் கட்டிலாகப் போனாள்; மாலையில் கழுவிக் கொடியில் போட்டாள்.

ஒன்பதாம் நாள் அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சிறுநீரில் தொற்று என்றார் மருத்துவர். மேலாளர் செல்வியை அழைத்து எல்லோர் முன்னும் நிற்கவைத்தார்.

"சார் சீமையிலருந்து இம்புட்டும் கொண்டாந்து குடுத்தும் ஒன் கை சுத்தமாகல. இன்னைக்கே கெளம்பு."

கொடி என் நினைவுக்கு வந்தது. ஆயினும் பேசவில்லை. இவ்வூரில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. அது என் வாயைக் கட்டியது. செல்வி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

காய்ச்சல் தணிய இரண்டு நாள் ஆயிற்று. கண் திறந்ததும் அக்கா கேட்டார்.

"செல்வி எங்க தம்பி?"

"நிறுத்திட்டாங்கக்கா."

"அவ என்னப்பா செஞ்சா? ஒவ்வொரு கட்டிலுக்கும் கொழாயில போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வருவா. அந்தச் சத்தத்தப் படுத்துக்கிட்டே கேப்பேன். நீ ஒறைய மாட்டிவிட்ட அன்னையிலருந்து சத்தமே இல்ல."

நான் பார்த்தது வெறுங்கையை மட்டுமே. மேலாளர் அறைக்குச் சென்று, பிழை என்னுடையது என்று நின்றபடியே சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். மறுநாள் செல்வி வந்தாள்.

"கிளவுஸ் போடவாய்யா, வேணாமா?"

"போடும்மா. ஒருத்தருக்குப் போட்டதை உடனே எறிஞ்சிரணும். எறிஞ்சதும் கை கழுவணும்."

"அப்ப இந்தப் பெட்டி எம்புட்டு நாளைக்குய்யா காணும்?"

விடைக்குக் காத்திராமல் அவள் குழாயடிக்குப் போய்விட்டாள்.

லீட்ஸுக்குத் திரும்பிவிட்டேன். இங்கே இப்போது நண்பகல். மதுரையில் செல்வி மாலைச் சுற்றைத் தொடங்கும் நேரம். கை கழுவும்போது பாதியில் குழாயை மூடிவிட்டு, சோப்பு நுரையோடு நின்று, அக்கா கேட்கும் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறேன். இந்த வீட்டில் வேறு குழாய் எதுவும் ஓடவில்லை.